சுவாசப்பை நோயின் பின் சத்திரசிகிச்சை: எத்துணை நாள் பொறுத்தல் வேண்டும்?

மாரிமழை தொடங்கியதும் கல்முனைக் கரையோரத்தில், மருதமுனை தொட்டு நிந்தவூர் வரை, இருமலும் நெஞ்சுச்சளியும் புகாத வீடு அரிது. அக்காலத்தில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பெற்ற ஒருவர் நியூமோனியாவில் விழுந்தெழுவாராயின், வைத்தியர் அந்நாளைத் தள்ளிவைப்பர். குடலிறக்கத்துக்குச் சிகிச்சை பெறவிருந்த என் உறவினரான கமக்காரர் ஒருவர், பெரும்போக விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட ஓய்வைக் கணக்கிட்டே நாள் பெற்றிருந்தார். "காய்ச்சல் விட்டுப் பத்து நாளாயிற்றே, இன்னும் ஏன் தாமதம்?" என்று அவர் என்னிடம் முறையிட்டார். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

காற்றுக்குழாய்களின் உட்படலத்திலுள்ள நுண்மயிர்கள் இடையறாது அசைந்து சளியையும் தூசியையும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. தொற்று அப்படலத்தைச் சிதைக்கிறது. காய்ச்சல் ஒரு வாரத்தில் தணியினும், படலம் மீள வளர்வதற்குச் சில வாரங்கள் செல்லும். அதுகாறும் அக்குழாய்கள் சிறு தூண்டலுக்கும் சுருங்கும் இயல்பின. பொது மயக்கமருந்து கொடுக்குங்கால் தொண்டைவழியே செலுத்தப்படும் குழாயோ சிறு தூண்டலன்று. மேலும், மயங்கி மல்லாந்து கிடக்கும் நிலையில் சுவாசப்பையில் எஞ்சிநிற்கும் காற்றின் அளவு குறைய, அடிப்பாகத்துச் சிற்றறைகள் சுருங்கி மூடுகின்றன. விழித்த பின்னரோ, வயிற்றுக் காயத்தின் நோவுக்கு அஞ்சி நோயாளி இருமாதிருப்பார். தேங்கிய சளி புதிய நியூமோனியாவுக்கு வழிவகுக்கும்.

இதனை எண்ணால் அளந்து காட்டியது கொவிட் காலத்து ஆராய்ச்சியொன்று. 2020 ஒக்டோபரில் 116 நாடுகளில் சத்திரசிகிச்சை பெற்ற 140,231 பேரை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 2021 இல் வெளியிட்டனர். தொற்றே இல்லாதாருள் முப்பது நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 1.5. தொற்றுக் கண்டு இரு வாரத்துக்குள் சிகிச்சை பெற்றோருள் அது 4.1, ஐந்தாம் ஆறாம் வாரங்களிலும் 3.6. ஏழு வாரம் கடந்ததும் 1.5 ஆக இறங்கிற்று. ஆயினும், ஏழு வாரத்தின் பின்னும் மூச்சுத்திணறல் முதலிய குறிகள் நீங்காதிருந்தோருள் 6.0! ஆகவே நாட்காட்டி மாத்திரம் போதாது. உடலையும் கேட்டறிதல் வேண்டும்.

இக்கணக்குத் தடுப்பூசி பரவுமுன் எடுக்கப்பட்டது. பின்னர் நோயின் கடுமை குறையவே, 2023 இல் அமெரிக்க மயக்கமருந்து வைத்தியர் சங்கம், குறைந்தது இரு வாரம் பொறுத்து, ஏழு வாரம் வரையுள்ள காலத்தில் ஆளுக்காள் நோக்கி முடிவுசெய்யலாம் என்றது. கொவிட்டின் எண்களை ஏனைய நியூமோனியாவுக்கு அப்படியே பொருத்துதல் தகாது. முதியோருக்கு எக்ஸ்-கதிர்ப் படத்து நிழல் ஆறு வாரம் கடந்தும் மறையாதிருத்தலுமுண்டு.

பொறுத்தல் எல்லார்க்கும் உரியதன்று. குடலிறக்கம் நெரிபட்டு நோவும் வாந்தியும் கண்டால் அன்றே கத்தி வைத்தாக வேண்டும். புற்றுநோயிலும் தாமதத்தின் கேட்டைச் சுவாசப்பையின் கேட்டோடு சீர்தூக்குவர். இடமறிந்து முள்ளந்தண்டில் மருந்தேற்றிக் கீழுடலை மரக்கச்செய்து குழாயைத் தவிர்த்தலும் ஒருவழி.

கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்குச் செல்வோராயினும், கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்குச் செல்வோராயினும், அண்மையிற் கண்ட காய்ச்சலை மயக்கமருந்து வைத்தியரிடம் ஒளிக்கலாகாது. நாள் தவறிவிடுமே என்று ஒளிப்போரை நான் அறிவேன். புகைப்போர் காத்திருக்கும் அவ்வாரங்களிலேனும் பீடியைக் கைவிடின், சுவாசப்பை தேறுதற்கு அது பெருந்துணை.

என் உறவினர் அறுவடை முடிந்தபின் சிகிச்சை பெற்றார். அதுவரை இடுப்பிற் பட்டி கட்டி, வரப்பில் நின்றபடியே வேலையை மேற்பார்த்தார்.