நின்ற வண்டி ஏன் கெட்டது?

“மாமா, ஓடுகிற வண்டிதானே தேயும்? சும்மா நிற்கிற வண்டி எப்படிப் பழுதாகும்?”

கெல்லிவில்லில் இருந்து ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்ட கேள்வி இது. வீட்டுப் பின்வளவில் பழைய லாண்ட் ரோவர் ஒன்று நிற்கிறதாம். அப்பா மலிவாக வாங்கி வந்தாராம். ரெஜோ, அதாவது வண்டிப் பதிவு, முடிந்து பல வருடம். திறப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம்கூட இல்லையாம்.

இந்தக் கேள்விக்கே உனக்கு ஒரு கைலாகு தரவேண்டும். ஓடினால் தேயும் என்பது எல்லாருக்கும் தெரியும். நின்றால் ஏன் கெடும் என்று யோசிக்கிறவர்கள் குறைவு. வாருங்கள் பிள்ளைகளே, எல்லாரும் சேர்ந்து அந்த வண்டிக்குக் கீழே எட்டிப் பார்ப்போம். கையை மட்டும் உள்ளே விடவேண்டாம். இப்படி நெடுநாள் நின்ற வண்டிகள் என்றால் முதுகில் சிவப்புக் கோடு போட்ட ரெட்பேக் சிலந்திக்கு அவ்வளவு பிடிக்கும். கையுறை போட்ட பெரியவர்கள் முதலில் பார்க்கட்டும்.

கெல்லிவில் சிட்னியின் வடமேற்கில் இருக்கிறது. 2019 இல் மெட்ரோ ரயில் வந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் புது வீடுகள். முன்பு அந்தப் பக்கமெல்லாம் பழத்தோட்டமும் பண்ணையும்தான். பண்ணை என்றால் சேறு இருக்கும். சேற்றில் சாதாரணக் கார் புதைந்துவிடும். நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கிற வண்டி வேண்டும்.

அப்படி ஒரு வண்டியாகத்தான் லாண்ட் ரோவர் பிறந்தது. மொரிஸ் வில்க்ஸ் என்பவர் இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் பொறியியலாளர். தன் பண்ணையில் இராணுவ ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் போல ஒன்றை நாமே செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அந்த வண்டியை உலகம் முதன்முதலாகப் பார்த்தது. அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவில் ஸ்னோவி மலை நீர்மின் திட்டம் தொடங்கியது. 1974 வரை நடந்த அந்தப் பெரிய வேலையில், வீதியே இல்லாத மலைகளில் ஏறி இறங்கியவற்றில் லாண்ட் ரோவர்களும் உண்டு.

‘இவ்வளவு பழைய வண்டி இனி ஓடுமா?’ என்று ஒரு சந்தேகம் வரும். 1955 செப்டம்பரில் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு பேர் இரண்டு லாண்ட் ரோவர்களில் லண்டனில் இருந்து புறப்பட்டார்கள். 1956 மார்ச்சில் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்கள். அதில் ‘ஒக்ஸ்போர்ட்’ என்று பெயரிட்ட வண்டி பிற்காலத்தில் அட்லாண்டிக் கடலின் நடுவே, செயின்ட் ஹெலினா தீவில் நெடுநாள் கிடந்தது. அதை இங்கிலாந்துக்கு எடுத்து வந்து திருத்தினார்கள். 2019 இல் அதே வண்டி சிங்கப்பூரில் இருந்து லண்டனுக்குத் தன் சொந்தச் சில்லில் உருண்டு போனது! ஆகவே கெல்லிவில் வண்டிக்கும் நம்பிக்கை உண்டு.

இப்போது கேள்விக்கு வருவோம்.

ஓடும் வண்டியைத் தேய்ப்பது உராய்வு. நிற்கும் வண்டியைக் கெடுப்பது வேதியியல். காற்றில் ஒட்சிசன் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது. இரண்டும் இரவு பகல் பார்க்காமல் வேலை செய்கின்றன. வண்டி நின்றாலும் அவை நிற்பதில்லை.

ஒரு சின்னப் பரிசோதனை செய்வோமா? குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள். லாண்ட் ரோவரின் மட்கார்ட்டில் வை. ஒட்டாது! கீழே சட்டத்தில், அதுதான் ‘சசி’ என்று மெக்கானிக் மாமாக்கள் சொல்வார்களே, அதில் வை. ‘டக்’ என்று ஒட்டும். ஏன் தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிரித்தானியாவில் உருக்குக்குப் பெரிய தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சசியோ உருக்கு.

உருக்கில் இருக்கும் இரும்பு, ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்தால் துரு உண்டாகும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால் அது பொங்கி, பொருக்காகக் கழன்று விழும். உடனே அடியில் இருக்கும் புது இரும்பு வெளியே வரும். அதுவும் துருப்பிடிக்கும். அலுமினியம் அப்படி இல்லை. அதன் மேலும் ஒட்சைட்டுப் படலம் உண்டாகும். ஆனால் அது மெல்லியது, இறுக்கமானது, கழன்று விழாது. உள்ளே இருக்கும் உலோகத்தை அதுவே காக்கிறது.

‘அப்படியானால் அலுமினியத்துக்குக் கவலையே இல்லை’ என்று நினைக்கிறாயா? அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் மூலையில் ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டி மின்கலமே உருவாகிவிடும். அதில் அலுமினியம்தான் கரையும். அந்த மூலையைச் சுரண்டிப் பார். வெள்ளைத் தூள் கொட்டும்.

சசி உள்ளே குழாய் போல வெறுமையாக இருக்கும். சேறும் நீரும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் அழகாக இருக்கும்! அதனால் அனுபவசாலிகள் சின்னச் சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல உருக்கு ‘டிங்’ என்று சொல்லும். அரித்த இடம் ‘டப்’ என்று அடங்கிப் போகும். அப்படிச் சத்தம் வந்தால் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யவேண்டும். இந்தப் பழைய வண்டிகளில் காசு அதிகம் கரைகிற இடம் இதுதான். எஞ்சின் என்று எல்லாரும் நினைப்பார்கள். இல்லை, சசிதான்.

இனி எஞ்சின். அவசரப்பட்டு ஸ்டார்ட் பண்ணக்கூடாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் லேசாகத் துருவில் ஒட்டியிருக்கலாம். பலவந்தமாகச் சுழற்றினால் உள்ளே கீறல் விழும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். பிறகு? பழைய லாண்ட் ரோவரில் ஓர் அருமையான சாமான் உண்டு. முன்பக்கத்தில் செருகிக் கையால் சுற்றும் இரும்புக் கைப்பிடி. பிளக்குகள் வெளியே இருக்கும்போது அப்பா அதை மெல்லச் சுற்றுவார். இறுகி நின்றது ‘கிறீச்’ என்று இளகும். அந்தச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார்கூடக் கைதட்டுவார்கள்.

பற்றரி என்ன ஆனது? அதற்குள் ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் இருக்கின்றன. சும்மா வைத்தாலும் மின் மெதுவாகக் குறையும். குறையக் குறையத் தகடுகளில் ஈய சல்பேற்று படியும். உடனே சார்ஜ் போட்டால் அது திரும்பக் கரையும். வருடக்கணக்கில் விட்டால் கடினப் படிகமாகி அப்படியே உட்கார்ந்துவிடும். புதுப் பற்றரிதான் வழி. ஆனால் பொறுங்கள்! 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் வண்டியின் உடம்போடு இணைந்திருப்பது நேர்முனை. இப்போதைய கார்களில் மறைமுனை. பார்க்காமல் மாறி இணைத்தால் புகை வந்துவிடும்.

அடுத்து, தாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல். இதை விளக்க நாம் யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய்வரவேண்டும்.

உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள். 1990களில், போர்க்காலத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைப்பதே அரிது. பழைய ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முதலில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய் போதும். ஏன் அந்தச் சில துளி பெற்றோல்? எஞ்சினுக்குள் பற்றிக்கொள்வது ஆவிதான். பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்கோ சூடு வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைவிட நல்ல இரசாயனப் பாடம் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இப்போது விளங்குகிறதா? பெற்றோல் ஒரே பொருள் அல்ல. பல பொருள்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். எஞ்சியது ஸ்டார்ட் ஆக மறுக்கும். அதோடு ஒட்சிசனும் சேர்ந்தால் பசை போன்ற படிவு உண்டாகும். பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் ஊசிமுனைத் துளைகளை அது அடைத்துவிடும். பழையதை முழுக்க வடித்து, தாங்கியைக் கழுவி, துளைகளைச் சுத்தம் செய்தால்தான் எஞ்சின் மூச்சு விடும்.

எஞ்சின் ஓடியதும் எல்லாரும் துள்ளிக் குதிப்பார்கள். ‘ஒரு ரவுண்டு போவோம்’ என்பார்கள். கூடாது! ஓட வைப்பதைவிட நிறுத்துவதுதான் முக்கியம். என்னைக் கேட்டால், எஞ்சினைத் தொடும் முன்பே பிரேக்கை முடித்துவிடவேண்டும்.

மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் இரண்டு வாங்கி, மெல்லிய குழாயால் இணை. உள்ளே முழுக்க நீர் நிரப்பு. ஒன்றை அமுக்கினால் மற்றது உடனே வெளியே வரும். திரவம் நசுங்காது, அழுத்தத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்கும். இதைச் சொன்னவர் பாஸ்கல் என்ற அறிஞர். இப்போது குழாயில் கொஞ்சம் காற்றை விட்டு அமுக்கிப் பார். மற்றது சோம்பலாக அசையும். காற்று நசுங்குகிறது!

கால் மிதிக்கும் பிரேக்கும் இப்படித்தான். உள்ளே இருக்கும் பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் பழக்கம் கொண்டது. டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகி, எண்ணெய் கொதித்து, குமிழி வந்தால்? குமிழி நசுங்கும். மிதி தரைவரை போகும். வண்டி நிற்காது. அதற்கும் மேலே, அந்தக் காலத்து வண்டிகளில் நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓர் இடத்தில் ஒழுகினால் எல்லாம் போச்சு. அதனால் ரப்பர் வளையங்கள், குழாய்கள், எண்ணெய் எல்லாமே புதிதாக மாற்றவேண்டும்.

இந்த இடத்தில் பிள்ளைகள் தள்ளி நிற்கவேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அதன் தூசு நுரையீரலுக்கு ஆகாது. அவுஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் அதை முழுக்கத் தடை செய்துவிட்டது. ஆனால் பழைய வண்டிக்குள் பழைய கட்டை அப்படியே இருக்குமே! ஊதக்கூடாது, தட்டக்கூடாது. பழக்கமான மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

சரி, நான்கு சில்லும் எப்படிச் சேர்ந்து இழுக்கின்றன? நீங்கள் நான்கு பேர் கைகோத்து வரிசையாக நடந்து ஒரு மூலையில் திரும்புங்கள். உள்ளே நிற்பவர் மெல்ல அடி வைப்பார். வெளியே இருப்பவர் ஓடவேண்டி வரும். சில்லுகளும் அப்படியே. திரும்பும்போது வெளிச் சில்லு அதிக தூரம் போகவேண்டும். இடதும் வலதும் வேறு வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரக் கூட்டம்தான் டிஃபரென்ஷியல். ஆனால் அதற்கு ஒரு கெட்ட குணம். ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால், சுழற்சி எல்லாம் அதற்கே போய்விடும். மற்றது சும்மா நிற்கும். அப்போது பின் சில்லுகளோடு முன் சில்லுகளும் உதவிக்கு வந்தால்தான் வண்டி வெளியே வரும்.

ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் மஞ்சள் குமிழ் ஒன்று இருக்கிறதா என்று பார். அதை அமுக்கினால் முன் சில்லுகளும் சேர்ந்துகொள்ளும். சிவப்புக் குமிழ் வைத்த தண்டு மலை ஏற்றத்துக்கு. வேகம் குறையும், இழுவை கூடும்.

தார் வீதியில் மஞ்சள் குமிழை அமுக்கக்கூடாது. திரும்பும்போது முன் சில்லுகள் பின் சில்லுகளைவிட நீண்ட பாதையில் போகின்றன. சேறு என்றால் சில்லு கொஞ்சம் வழுக்கிச் சமாளிக்கும். தாரில் வழுக்க இடமில்லை. பல்சக்கரங்கள் முறுக்கேறி இறுகிவிடும்.

ரயர் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது. ரப்பரிலும் ஒட்சிசனும் ஓசோனும் வெடிப்பு விழச் செய்யும். 2000 ஆம் ஆண்டில் இருந்து ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பதித்திருப்பார்கள். 3518 என்றால் 2018 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரம். உங்கள் வீட்டுக் காரிலும் தேடிப் பாருங்கள்.

கடைசியாகக் காகித வேலை. நியூ சவுத் வேல்ஸில் ரெஜோ முடிந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் புளூ ஸ்லிப் பரிசோதனை வேண்டும். கிரீன் ஸ்லிப் காப்புறுதியும் வேண்டும். வண்டிக்கு 30 வயது கடந்து, பெரிதாக எதையும் மாற்றாமல் வைத்திருந்தால் வேறொரு வழியும் உண்டு. பழைய வண்டிக் கழகம் ஒன்றில் சேர்ந்து, பழமை வண்டியாகப் பதியலாம். கழகத்தின் ஓட்டங்களைத் தவிர வருடத்துக்கு 60 நாள் சொந்தமாக ஓட்டவும் ஒரு லொக் புத்தகம் தருவார்கள். புறப்படும் முன் அன்றைய திகதியை அதில் எழுதவேண்டும். அப்பா அவசரத்தில் மறந்துவிடுவார். பேனாவோடு படலையில் போய் நில்.