தண்டனை முடிந்தாலும் சிக்கல் முடிவதில்லை: சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

ஒரே வீட்டில் தம்பிக்கு நீல அடையாள அட்டை, அண்ணனுக்குச் சிவப்பு அட்டை என்ற நிலை நம் குடும்பங்களில் உண்டு. இருவரும் ஒரே குற்றத்திற்காகச் சிறை சென்றால், தம்பி தண்டனை முடிந்து வீடு திரும்புவார். அண்ணனுக்கு அந்த உறுதி இல்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் 9-ஆவது விதி, குடிமக்கள் எவரையும் நாடு கடத்தக் கூடாது என்கிறது. நிரந்தரவாசிகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. தோட்டத்தில் ஐம்பது ஆண்டுகள் உழைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர்கள் குடிமக்கள் அல்லர்.

1959/63 குடிநுழைவுச் சட்டத்தின்படி, எந்த நாட்டிலாவது சிறைத்தண்டனை பெற்ற ஒருவரை, குற்றத்தின் சூழ்நிலையைப் பார்த்து, ‘தடைசெய்யப்பட்ட குடியேறி’ எனக் குடிநுழைவுத் துறை கருதலாம். எவ்வளவு காலச் சிறை என்பது கணக்கில்லை. இது தானாக நடப்பதல்ல. ஆனால், அதிகாரம் இருக்கிறது. இதைத் தவிர, 1959 நாடு கடத்தல் சட்டத்தின் கீழ் அமைச்சரும் உத்தரவிடலாம்.

உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் தமிழகத் தொழிலாளர்களின் நிலை இன்னும் பலவீனமானது. பெர்மிட் ரத்தானால், சிறையிலிருந்து தடுப்பு முகாமுக்கும், அங்கிருந்து விமானத்திற்கும் அனுப்பப்படலாம். அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைவதே குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும்; 6 பிரம்படி வரையிலும் விதிக்கப்படலாம்.

நீதிமன்றம் தண்டனையை மட்டுமே தீர்மானிக்கிறது. நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்பது வேறு முடிவு. எனவே, “ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று யாராவது சொன்னதைக் கேட்டு, வழக்கறிஞரிடம் பேசாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆபத்து. அட்டையின் நிறத்தை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் இலவசச் சேவை பொதுவாகக் குடிமக்களுக்கே உரியது. மற்றவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம்.

இன்னொன்றும் உண்டு. அரசியலமைப்பின் 19-ஆவது விதியின்கீழ் குடியுரிமை கேட்போருக்கு, குடியிருந்த காலம், மலாய் மொழியறிவு ஆகியவற்றுடன் நன்னடத்தையும் தேவை. பழைய தண்டனை ஒன்று அந்த வழியையும் கடினமாக்கிவிடும். குற்றப் பதிவு ஏதும் இல்லாத சிவப்பு அட்டைக்காரர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல் இருப்பதே நல்லது.