மருத்துவமனையில் நூலகருக்கு என்ன வேலை?

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைகளில் ஒரு நூலகம் இருக்கும். அங்கே இருப்பவர் மாணவர்களுக்குப் புத்தகம் எடுத்துத் தருபவர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உங்கள் மருந்துச் சீட்டிலும் அவருடைய உழைப்பு கலந்திருக்கலாம்.

எப்படி என்கிறீர்களா? இப்போது டாக்டர்கள் சான்றுசார் மருத்துவம் (ஆய்வுகளில் பலன் தெரிந்த சிகிச்சையைப் பார்த்து, நோயாளிக்குப் பொருத்தித் தருவது) பற்றி அதிகம் பேசுகிறார்கள். அதற்கு முதலில் சரியான ஆய்வு கையில் கிடைக்க வேண்டும். பப்மெட் என்ற இணையப் பட்டியலில் மட்டும் 3 கோடிக்கு மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் உள்ளன.

டாக்டரே தேடிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் புறநோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது அவருக்கு நேரம் ஏது? தேடுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. நாம் பாராசிட்டமால் என்பதை அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்று எழுதுவார்கள். ஒரு பெயரை மட்டும் போட்டுத் தேடினால் சில ஆய்வுகள் நழுவிவிடலாம்.

நூலகர் முதலில் கேள்வியைத் தீட்டுகிறார். குழந்தைக்குக் காதுவலி, ஆன்டிபயாடிக் தரலாமா என்று டாக்டர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது இரண்டுக்குக் கீழா? இரண்டு காதிலுமா? சீழ் வடிகிறதா? ஓரிரு நாள் பொறுத்துப் பார்ப்பதோடு ஒப்பிட வேண்டுமா? இத்தனையும் கேட்ட பிறகே தேடத் தொடங்குவார். அந்த விவரங்களைப் பொறுத்து விடையே மாறும். இப்படிக் காதுவலி தரும் நடுக்காது அழற்சி பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். இரண்டு காதிலும் தொற்றுள்ள சின்னக் குழந்தைகளுக்கும் சீழ் வடிபவர்களுக்கும்தான் மருந்தின் பலன் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எதைக் கொடுப்பது என்ற முடிவு டாக்டருடையதுதான்.

தேடல் குறைந்தால் என்ன ஆகும்? 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆஸ்துமா ஆய்வு ஒன்று நடந்தது. நல்ல உடல்நலத்தோடு இருந்த 24 வயதுப் பெண் தன்னார்வலராகச் சேர்ந்து, ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுத்தார். நுரையீரல் கெட்டு இறந்துபோனார். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும் என்று 1950களின் கட்டுரைகளிலேயே எச்சரிக்கை இருந்தது. ஆனால் அப்போதைய பப்மெட் தேடல் 1966 வரைதான் பின்னோக்கிப் போனது. பழைய அச்சுத் தொகுதிகளையும் புரட்டத் தெரிந்தவர் கூட இருந்திருக்க வேண்டும் என்று நூலகர்கள் அன்று வலியுறுத்தினார்கள். அது முழுக்க நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

இதில் நீங்கள் செய்யக்கூடியது என்ன? "இந்த மருந்தால் எனக்கு எவ்வளவு பலன், என்ன பக்கவிளைவு, வேறு வழி உண்டா, காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை. வீட்டில் படித்துப் பார்க்க மெட்லைன்பிளஸ் தளம் இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது. படித்ததை வைத்து நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேரச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இன்னொன்றும் கேளுங்கள்: இதைப் பற்றிய பழைய ஆய்வுகளை யார் தேடினார்கள், எந்த ஆண்டு வரை பின்னோக்கிப் பார்த்தார்கள்?