பெட்டியின் மேல் 450 வாட், உள்ளே எவ்வளவு?

பெங்களூர் டவுன் ஹாலுக்கு அருகே உள்ள சதர் பத்ரப்பா சாலையை அந்தப் பெயரில் கேட்டால் பலருக்குத் தெரியாது. 'எஸ்.பி. ரோடு' என்றால் போதும், ஆட்டோக்காரர் கொண்டு போய் விட்டுவிடுவார். குறுகலான சாலை, இரு பக்கமும் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் சின்னஞ்சிறு கடைகள். கன்னடம், இந்தி, தமிழ் என்று எதில் வேண்டுமானாலும் பேரம் பேசலாம்.

அனிமேஷன், கட்டட வரைபடம், வீடியோ எடிட்டிங் ஆகியவற்றைப் படிக்கும் மாணவர்களுக்குக் கிராபிக்ஸ் கார்டு இன்று ஆடம்பரப் பொருள் அல்ல. முப்பதாயிரம் ரூபாய் ஆனாலும் தவணையில் வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. ஆனால், அந்தக் கார்டுக்கு மின்சாரம் ஊட்டும் எஸ்.எம்.பி.எஸ். என்று வரும்போது மட்டும் கை சுருங்கிவிடுகிறது. "கேபினெட்டோடு ஒன்று வந்திருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள்.

பெரும்பாலும் போதாது. இரவு முழுவதும் ஓட வேண்டிய வேலை பாதியில் நின்று, கம்ப்யூட்டர் தானாக அணைந்து மறுபடி எழுந்து நிற்கும். பழி கார்டின் மேலும் விண்டோஸின் மேலும் விழும். குற்றவாளியோ பெட்டியின் மூலையில் விசிறியைச் சுழற்றிக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருக்கும்!

லேபிளில் இருக்கிறது உண்மை

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் பசியாறுவது 12 வோல்ட்டில்தான். ஆகவே, அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பிப் பயனில்லை. பக்கவாட்டில் ஒட்டியுள்ள லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். அதை 12 ஆல் பெருக்கினால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

'450 வாட்' என்று சொல்லப்படும் ஒன்றில் 16 ஆம்பியர் என்றிருந்தால், 12 வோல்ட்டில் அது தருவது 192 வாட்தான். மீதி, இன்றைய கம்ப்யூட்டருக்கு அதிகம் தேவைப்படாத 5, 3.3 வோல்ட் கணக்கில் போய்விடுகிறது. சில மலிவுச் சரக்கில் அதுவும் இருப்பதில்லை. நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். அதாவது 540 வாட்.

எவ்வளவு வேண்டும்? 2023ல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு எடுப்பது 115 வாட். ஆனால் 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வைக்கும்படி அதன் தயாரிப்பாளரே சொல்கிறார். இது வியாபாரத் தந்திரம் அல்ல. பிராசஸரும் பிற பாகங்களும் தங்கள் பங்கைக் கேட்கும். அதோடு, கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, சொன்ன அளவைவிடப் பன்மடங்கு இழுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும். 2022ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி இதற்காகவே ஏற்பட்டது. அதன்படி அமைந்த பெரிய எஸ்.எம்.பி.எஸ்., தன் அளவைப் போல் இரு மடங்கு சுமையை நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்க வேண்டும்.

தங்க முத்திரை

'80 பிளஸ்' முத்திரையைக் காட்டித்தான் இன்று விற்பனை நடக்கிறது. 2004ல் தொடங்கிய இத்திட்டத்தில் பிரான்ஸ், கோல்டு எனப் பல படிகள். 115 வோல்ட் சோதனையில், பாதிச் சுமையில் பிரான்ஸ் 85 சதவீதமும் கோல்டு 90 சதவீதமும் திறன் காட்ட வேண்டும். மின்கட்டணம் சற்றுக் குறையும், சூடும் குறையும். ஆனால் முத்திரை சொல்வது அவ்வளவுதான். சோதனை நடப்பது 23 டிகிரி அளவுள்ள அறையில். மேஜைக்கு அடியில் சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட்டின் சூட்டில் அல்ல.

பெயர் பெற்ற நிறுவனம் ஒன்றின் 750 வாட் கோல்டு மாடல், 2021ல் வெளிநாட்டு விமர்சகர்களின் சோதனை மேஜையில் வெடித்தது. அதிகச் சுமை வந்தால் தானே அணைய வேண்டிய பாதுகாப்பு மிகத் தாமதமாக வேலை செய்தது. நிறுவனம் அந்த வரம்பைக் குறைத்தது. விற்றவற்றை மாற்றித் தரவும் முன்வந்தது. ஒரே நிறுவனத்தின் இரு மாடல்களை வெவ்வேறு தொழிற்சாலைகள் செய்து தருவதுண்டு என்பதால், பிராண்டைக் கேட்பதோடு நிற்காமல் அந்த மாடலைப் பிரித்துச் சோதித்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போவது நல்லது.

உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் 105 டிகிரி வகையா, 85 டிகிரி வகையா என்பதும் முக்கியம். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு.

ஒட்டுப் போடும் வேலை

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கான 6 முனை அல்லது 8 முனை ஒயர் இல்லையென்றால், கடைக்காரர் ஐம்பது நூறு ரூபாயில் ஓர் இணைப்பு ஒயர் எடுத்துத் தருவார். இதை வாங்கவே கூடாது. ஹார்ட் டிஸ்க்குக்கான சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். 6 முனை இணைப்பு 75 வாட்டும், 8 முனை 150 வாட்டும் கேட்கலாம். பிளாஸ்டிக் உருகி நாற்றம் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. அந்த ஒயர் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்., அத்தகைய கார்டுக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

கழற்றி மாட்டும் ஒயர்கள் கொண்ட வகையில் இன்னோர் ஆபத்து உண்டு. பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயர் புதியதில் அழகாகப் பொருந்தும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைகளின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் ஹார்ட் டிஸ்க்கும் அதிலுள்ள பாடமும் அந்த நொடியே போய்விடும். புதியதை மாட்டும்போது பழைய ஒயர்களையும் சேர்த்தே கழற்றிவிட வேண்டும்.

வாடகை வீட்டில்

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று உறுத்துகிறதா? பெரும்பாலும் எர்த் இல்லை என்று பொருள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிச் சுற்று சிறு கசிவை எர்த் வழியாக அனுப்பும். வழி இல்லாதபோது அது கேபினெட்டில் தங்குகிறது. மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை வெட்டிவிட்டுச் செருகுவது சில வீடுகளில் வழக்கம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இதற்கு ஈடு செய்யாது. எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்க்கச் சொல்வதே முதல் வேலை.

யு.பி.எஸ். விஷயமும் இப்படித்தான். சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால், அது கூச்சலிட்டு அணைந்துவிடக்கூடும்.

நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களுக்கு மாடலைப் பொறுத்து 5 முதல் 10 ஆண்டு வரை உத்தரவாதம் உண்டு. சீரியல் எண் குறித்த ஜி.எஸ்.டி. பில் கையில் இருந்தால்தான் அது செல்லும். "பில் இல்லாமல் இருநூறு குறைத்துத் தருகிறேன்" என்ற பேச்சு எழும் இடமும் இதுவே. அந்த இருநூறு ரூபாயை மறுத்துவிட்டு, சர்வீஸ் சென்டர் பெங்களூரில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.