நூற்றுக்கு எத்தனை?

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

நாளிதழைப் புரட்டினால் சதவீதம். துணிக்கடை வாசலில் தள்ளுபடிச் சதவீதம். வங்கியில் வட்டிச் சதவீதம். தேர்வு முடிவு வந்தால் தேர்ச்சிச் சதவீதம். நம் வாழ்வில் இத்தனை நெருக்கமாகப் பழகும் கணக்கு வேறு இல்லை எனலாம். ஆயினும், பள்ளி மாணவர் மிகுதியும் தவறு செய்வதும் இக்கணக்கில்தான். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தேன். கணிதம் கற்க நான் இக்கல்லூரிக்கு வந்ததற்கு அந்தத் தவறும் ஒரு காரணம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்த காலம் அது. தோவாளை வட்டத்தில் பாட்டத்துக்கு எடுத்த வயலில் அப்பா கும்பப்பூ அறுவடை செய்திருந்தார். சுமார் 2,000 கிலோ நெல். கொள்ள வந்த வியாபாரி கருவியில் நெல்லைப் போட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, காய்ச்சல் பத்தாது. ஈரம் 22 இருக்கு, 17தான் கணக்கு. நூறு கிலோவுக்குப் பத்து கிலோ கழிச்சுத்தான் எடுக்க முடியும்" என்றார்.

"அஞ்சுதானே கூடுதல்? அஞ்சு கிலோ கழிச்சாப் போதாதா?" என்று அப்பா கேட்டார்.

"காஞ்சா எடை அப்படித்தான் குறையும்" என்று பதில் வந்தது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் அப்பா. அவர் என் பக்கம் திரும்பி, "மக்கா, நீ படிக்கிற பிள்ளதானே, கணக்கு சரியான்னு சொல்லு" என்றார். முந்திய ஆண்டுதான் 'வாழ்வியல் கணிதம்' பாடத்தில் சதவீதக் கணக்குகளை வரி வரியாகப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் அன்று என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. 200 கிலோ கழிந்தது. அந்தக் கணக்குக்கு விடை காணுமுன், அதற்கு வேண்டிய அடிப்படைகளைப் பார்ப்போம்.

எதில் நூறு?

'சதம்' என்றால் நூறு. நூற்றில் எத்தனை பங்கு என்பதே சதவீதம். தூய தமிழில் விழுக்காடு என்கிறோம். நூறு என்பது ஒரு பொது அளவுகோல். ஆனால் எதனை நூறாகக் கொள்கிறோம் என்பதுதான் முதற்கேள்வி. இக்கேள்வியைக் கேட்காமல் பெருக்கவும் வகுக்கவும் தொடங்கினால் விடை தவறும்.

மாற்றத்தின் சதவீதம் காண விதி எளியது: புதிய அளவிலிருந்து பழைய அளவைக் கழிக்க வேண்டும், வந்த வேறுபாட்டைப் பழைய அளவால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். பழைய அளவே நூறு.

நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட மக்கள் தொகை 16,76,034. 2011இல் 18,70,374. கூடியது 1,94,340. இதைப் பழைய தொகையால் வகுத்தால் 11.6 சதவீத வளர்ச்சி. தவறுதலாகப் புதிய தொகையால் வகுத்தால் 10.4 என வரும். வேறுபாடு ஒன்றுதான், நூறாகக் கொண்ட தொகை மாறியதால் விடையும் மாறிவிட்டது.

விழுந்ததும் எழுவதும்

'ஒரு பொருளின் விலை 20 சதவீதம் குறைந்து, பின்னர் 20 சதவீதம் கூடினால், பழைய விலை வந்துவிடுமா?' என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 'வந்துவிடும்' என்பர் பலர். 100 ரூபாய் 80 ஆகிறது. 80இல் 20 சதவீதம் 16தான். ஆகவே வருவது 96. இறங்கும்போது நூறாக இருந்தது 100 ரூபாய். ஏறும்போது நூறாக நிற்பது 80 ரூபாய்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. குலசேகரம், அருமனைப் பக்கத்து நண்பர்களைக் கேட்டால் தெரியும். ஆர்.எஸ்.எஸ். 4 தர ரப்பரின் ஆண்டுச் சராசரி விலை கோட்டயம் சந்தையில் 2011-12இல் கிலோ ஏறத்தாழ 208 ரூபாய். 2015-16இல் ஏறத்தாழ 113 ரூபாய். வீழ்ச்சி 95 ரூபாய், அதாவது சுமார் 46 சதவீதம். விழுந்த விலை பழைய இடத்தை அடைய எத்தனை சதவீதம் ஏற வேண்டும்? அதே 95 ரூபாயை இப்போது 113ஆல் வகுக்க வேண்டும். விடை 84 சதவீதம்! பள்ளத்தில் விழுவது எளிது, ஏறுவது கடிது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் கணிதச் சான்று இதுவன்றோ?

கூட்டாதே, பெருக்கு

ஒன்றன்பின் ஒன்றாக வரும் மாற்றங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். 3 சதவீதம் கூடுவது என்றால் 1.03ஆல் பெருக்குவது. 20 சதவீதம் குறைவது என்றால் 0.80ஆல் பெருக்குவது. இந்தப் பெருக்கெண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மத்திய அரசு அறிவித்த சாதாரண நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு 2023-24இல் 2,183 ரூபாய். 2024-25இல் 2,300 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். முதல் உயர்வு 5.36 சதவீதம். இரண்டாம் உயர்வு சரியாக 3 சதவீதம். கூட்டினால் 8.36. உண்மையான மொத்த உயர்வோ 186 ரூபாய், அதாவது 8.52 சதவீதம். இரண்டாம் ஆண்டின் 3 சதவீதம், முதல் ஆண்டு கூடிய 117 ரூபாயின் மேலும் ஏறுகிறது என்பதால் வந்த வேறுபாடு இது.

இங்கே வேறுபாடு சிறியது. கடன் வாங்கியவருக்கோ இது பெரியது. ஊரில் 'மூணு வட்டி' என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று. ஆண்டுக்கு 36 சதவீதம் என்று எண்ணிக்கொள்கிறோம். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்தால் 1.03ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும். வருவது 1.4258. ஆண்டு முடிவில் 100 ரூபாய்க் கடன் 142 ரூபாய் 58 காசாக நிற்கும்!

தள்ளுபடியில் இதே விதி மறுபுறம் வேலை செய்யும். '20 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் 10 சதவீதம்' என்றால் 30 அன்று. 0.80ஐ 0.90ஆல் பெருக்க 0.72. தள்ளுபடி 28தான்.

பின்னோக்கிச் செல்லல்

நகை வாங்கும்போது மூன்று சதவீத வரி சேர்ந்து 51,500 ரூபாய் ஆயிற்று என்போம். வரிக்கு முந்திய விலை என்ன? 51,500இல் 3 சதவீதத்தைக் கழித்தால் 49,955 வரும். அது பிழை. வரி கணக்கிட்டது பழைய விலையின்மேல். நாம் கழித்ததோ புதிய தொகையிலிருந்து. பெருக்கிச் சென்ற வழியை வகுத்துத்தான் திரும்ப வேண்டும். 51,500ஐ 1.03ஆல் வகுத்தால் 50,000. இதுவே சரியான விடை.

சதவீதமும் புள்ளியும்

2001இல் நம் மாவட்ட எழுத்தறிவு 87.55 சதவீதம். 2011இல் 91.75 சதவீதம். கூடியது 4.20 சதவீதமா? அன்று; அது 4.20 'சதவீதப் புள்ளி'. பழைய 87.55ஐ நூறாகக் கொண்டால் உயர்வு 4.8 சதவீதம். எழுத்தறியாதோரின் பங்கைப் பார்த்தாலோ, அது 12.45இலிருந்து 8.25ஆகக் குறைந்தது, அது ஏறத்தாழ 34 சதவீத வீழ்ச்சி. ஒரே உண்மைக்கு மூன்று எண்கள்! மூன்றும் பொய்யல்ல. எந்த எண்ணை எடுத்துக் காட்டுகிறார்கள் என்பதைக் கவனிப்பதே கற்றவர் கடமை.

மீண்டும் களத்துமேட்டில்

இப்போது அப்பாவின் நெல்லுக்கு வருவோம். 22 சதவீத ஈரம் என்றால் 100 கிலோ நெல்லில் 22 கிலோ நீர், 78 கிலோ நீரற்ற நெல். காயக் காய நீர்தான் போகும். அந்த 78 கிலோ மாறாது. இதுவே இக்கணக்கின் திறவுகோல். ஈரம் 17 சதவீதமாகக் காய்ந்தபின் அதே 78 கிலோ, மொத்த எடையில் 83 சதவீதமாக நிற்கும். எனவே காய்ந்த எடை 78ஐ 0.83ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 93.98 கிலோ. குறைவது 6.02 கிலோ.

வியாபாரி கழித்த பத்தும் சரியன்று. அப்பா கேட்ட ஐந்தும் சரியன்று! 22 சதவீதம் ஈர நெல்லின் எடையில் கண்டது. 17 சதவீதம் காய்ந்த நெல்லின் எடையில் காண்பது. நூறு வெவ்வேறாக இருக்கையில் இரண்டையும் நேராகக் கழித்தால் ஐந்து என்ற பிழை வரும். 2,000 கிலோவுக்குக் கழிக்க வேண்டியது சுமார் 120 கிலோ, கழித்தது 200. மிகுதியாகப் போனது 80 கிலோ. அன்று கிலோ 17 ரூபாய். ஏறத்தாழ 1,350 ரூபாய்.

இந்த விடையை நான் கண்டது முதலாண்டில், வேதியியல் துணைப்பாட ஆய்வகத்தில் ஒரு கரைசலின் செறிவைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான். அன்று மாலையே அட்டை ஒன்றில் எழுதினேன்: 100 கிலோவுக்கு, ஈரம் 18 என்றால் 1.20 கிலோ, 19 என்றால் 2.41; 20 என்றால் 3.61, 21 என்றால் 4.82, 22 என்றால் 6.02. புள்ளிக்கு 1.2 கிலோ கழித்தால் போதும். அரசு நேரடி நெல் கொள்முதலிலும் 17 சதவீதமே ஈரத்தின் எல்லை என்பதால் அட்டை எங்கும் உதவும்.

அப்பா அட்டையை நெடுநேரம் பார்த்தார். "அப்போ அஞ்சு புள்ளிக்கு ஆறு கிலோ. நான் கேட்டதும் தப்புதான்" என்று சிரித்தார். பின்பு அதைப் பத்தாயத்தின் மேல் ஆணியில் மாட்டினார். சென்ற கும்பப்பூவில் ஈரம் 20 என்றபோது, "மூணு கிலோ அறுநூறு கழியுங்க" என்று அவரே சொன்னார். வந்தவரும் கணக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். கடன் பத்திரமும், ரசீதும், எடைச்சீட்டும் முதலில் நம் கைக்குத்தான் வரும். மாலை வேளையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லித்தரும்போது, வாய்பாட்டைச் சொல்லுமுன் 'எதில் நூறு?' என்று கேட்கப் பழக்குவோம். அன்று என்னிடம் அந்த ஒரு கேள்வி இருந்திருந்தால், அப்பா திரும்பிப் பார்த்தபோது நான் தலை குனிந்திருக்க மாட்டேன்.