லாரியில் வெல்டிங்: ஈசிஎம்மைக் காப்பது எப்படி?

நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் லாரிக்கு வெல்டிங் வைப்பது அன்றாட வேலை. பழைய லாரிகளில் டீசல் பம்பு முழுக்க இயந்திர முறையில் ஓடியது. வெல்டிங்கால் கெடுவதற்கு அதில் அதிகம் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த லாரிகளில் டீசல் பீய்ச்சும் அளவு, ஆட்புளூ (புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல்), ஏபிஎஸ் பிரேக் எல்லாம் மின்னணுப் பெட்டிகளின் பொறுப்பு. அவற்றில் என்ஜினை ஆள்வது ஈசிஎம்.

லாரியின் மின்சுற்று 24 வோல்ட். ஈசிஎம்முக்குள் இருக்கும் சில்லுகளுக்கு 5 வோல்ட்டோ அதற்கும் குறைவோதான். ஆர்க் வெல்டிங்கிலோ சர்வசாதாரணமாக 100 ஆம்பியருக்கு மேல் பாயும். ராடு பற்றும்போதும் அணையும்போதும் மின்னழுத்தம் எகிறும்.

ஹோல்டர் வழியாக வந்த மின்சாரம் எர்த் கிளாம்ப் வழியாக மெஷினுக்குத் திரும்பியாக வேண்டும். பின்பக்கம் வெல்டிங் வைத்துக்கொண்டு எர்த்தை முன் பம்பரில் மாட்டினால், அந்த மின்சாரம் சேஸ் நெடுகப் பயணிக்கும். வழியில் துருவோ பெயின்ட்டோ தடுத்தால், ஒரு பகுதி ஒயரிங்கில் புகுந்து ஈசிஎம்மையும் ஆல்டர்னேட்டர் டையோடுகளையும் சுடும். வீல் பேரிங் குறுக்கே அகப்பட்டால் அதன் உருளைகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

ஆகவே, முதலில் சாவியை ஆஃப் செய்துவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். பல வண்டிகளில் ஆட்புளூ பம்பு, குழாயில் மிஞ்சியதை அப்போதுதான் தொட்டிக்குத் திரும்ப இழுக்கும். அதற்குள் பேட்டரியைக் கழற்றினால், தங்கிப்போன யூரியா படிகமாகிக் குழாயை அடைக்கக்கூடும். பிறகு பேட்டரியின் நெகட்டிவ், அடுத்து பாசிட்டிவ். வண்டியின் கையேடு சொல்லும் ஈசிஎம் கப்ளர்களையும் கழற்றிவிட வேண்டும்.

எர்த் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்தபின், வெல்டிங் வைக்கும் பாகத்திலேயே, முடிந்தவரை பக்கத்தில் கிளாம்பைக் கடிக்க விட வேண்டும். வெல்டிங் கேபிளை வண்டியின் ஒயரிங் மேல் போடக் கூடாது. வேலை முடிந்ததும் கப்ளர்கள், பாசிட்டிவ், கடைசியாக நெகட்டிவ்.

அடிபட்ட சில்லு உடனே சாகாமல் சில வாரம் ஓடிவிட்டு, பாதி வழியில் வண்டியை நிறுத்தவும் கூடும். அப்போது சரக்கோடு மாட்டிக்கொள்பவர் டிரைவர். ராடு பற்றுமுன் பேட்டரியைக் கழற்றியாயிற்றா என்று உரிமையாளரும் டிரைவரும் கேட்கலாம். கேட்காவிட்டாலும் வெல்டர் செய்ய வேண்டும்.