புயல் வருமுன் பொருத்த வேண்டிய சுவிட்ச்

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, மின்கம்பங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்துப்போட்ட பின்னர், வாடகை ஜெனரேட்டரை வீடு வீடாகக் கொண்டுசென்று மாடித் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றிய காட்சியைக் கண்டவர்களுக்கு, அந்தச் சிறு யந்திரத்தின் உபகாரத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நம் ஜனங்கள் கையாளும் விதத்தை மழைக்காலந்தோறும் பார்த்துவருகிறவன் என்ற முறையில், அதன் அபாயத்தை எடுத்துரைக்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள சாக்கெட்டிலும் செருகி, வீடு முழுவதற்கும் வெளிச்சம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படுகிறவர்கள் அநேகர். மெயினை அணைக்க மறந்துவிட்டால் அந்த மின்சாரம் மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்குச் சென்று, அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து, உயரழுத்தக் கம்பிகளில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறிவிடக்கூடும். கம்பியில் உயிரில்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அந்தக் கணமே மாண்டுபோவார்.

இதற்குப் பரிகாரம் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றே. மின்வாரியத்து மின்சாரமும் ஜெனரேட்டர் மின்சாரமும் ஒரே சமயத்தில் வீட்டுக்குள் வர இயலாதபடி அதன் அமைப்பே தடுத்துவிடும். பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டையும் மாற்றும் வகையாகப் பார்த்து, உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு பொருத்தச் செய்து, எர்த் இணைப்பையும் சோதிக்கச் சொல்லி, அவருடைய உரிம எண்ணுடன் கூடிய ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு மின் இணைப்பு எண், ஜெனரேட்டரின் திறன், சுவிட்ச் பொருத்திய தேதி ஆகியவற்றைக் குறித்து, உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் தேதியோடு கையொப்பம் பெறுங்கள். "வாயால் சொன்னால் போதும், போங்கள்" என்று திருப்பியனுப்பும் சிப்பந்திகள் உண்டு. தம் சக ஊழியரின் உயிர் சம்பந்தப்பட்ட காகிதத்தையே வாங்க மறுக்கும் அந்த அலட்சியத்துக்குப் பணியாமல், கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டில் யாரேனும் சுவிட்ச் இல்லாமல் ஓட்டுவதைக் கண்டால், மின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லத் தயங்காதீர்கள்.

இரண்டாவது அபாயம் புகை. மழையில் நனையாதிருக்கட்டும் என்று திண்ணையிலும் மாடிப்படிக்குக் கீழும் ஜெனரேட்டரை வைத்து ஓட்டுகிறார்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஹீமோகுளோபினோடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைந்து, உறங்குகிறவரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். கதவு ஜன்னல்களிலிருந்து 20 அடிக்குக் குறையாமல் தள்ளி, திறந்த வெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையை நோக்கும்படி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதுமென்பது தவறு. தலைவலியும் வாந்தியும் மயக்கமும் தோன்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, 108ஐ அழையுங்கள்.

மூன்றாவது அபாயம் பெட்ரோல். 1934ஆம் வருஷத்துப் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம்; ஆனால் இறுக மூடிய உலோகப் பாத்திரத்தில் 25 லிட்டருக்கு மிகாமலும், கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு லிட்டருக்கு மிகாமலும்தான் வைக்கவேண்டும். குடிநீர்ப் பாட்டிலுக்கு அதில் இடமே இல்லை. ஓடுகிற யந்திரத்தில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள். தண்ணீர் ஏற்றும் ஒரு குதிரைசக்தி மோட்டார் 746 வாட் என்றாலும், கிளம்பும்போது அதைப்போல் சில மடங்கு மின்சாரத்தை இழுக்குமாதலால், அதற்கேற்ற திறனுள்ள ஜெனரேட்டரே வேண்டும். மாதம் ஒருமுறை என்ஜின் ஆயிலைப் பார்த்து, சற்று நேரம் ஓட்டி வையுங்கள்.

முடிவாகச் சொல்கிறேன்: அந்த இருமுனைப் பிளக் ஒயர் வீட்டிலிருந்தால் இன்றே வெட்டி எறியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுவிட்சைப் பொருத்த இயலாவிட்டால், ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கோடு இணைக்கவே வேண்டாம். விளக்கையும் மோட்டாரையும் நேரே ஜெனரேட்டரின் சாக்கெட்டிலேயே மாட்டி உபயோகியுங்கள்.